அழுத்தலுக்கும் விடுதலுக்கும் நடுவே

கணினியில் இசை செய்ய ஆரம்பிக்கிற யாருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு சொற்பட்டியல் கைக்கு வந்துவிடும். நோட் ஆன், நோட் ஆஃப், வெலாசிட்டி, சேனல், பிட்ச் பெண்ட், ஆஃப்டர்டச். சிந்தசைசர் பக்கம் நகர்ந்தால் ஆசிலேட்டர், ஃபில்டர், என்வெலப், எல்.எஃப்.ஓ. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் இருக்கும். படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். பெரும்பாலும் அப்படித்தான் போகிறோம். பைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

இருந்தாலும், இந்தப் பட்டியலை ஒரு நூலை வாசிக்கிற மாதிரி வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கொஞ்ச காலமாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. காரணம் என் தொழில். நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். இரண்டு கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செய்திகளுக்கு வடிவம் கொடுப்பது என் வேலையில் பெரும்பகுதி. அந்தச் செய்தியில் எந்தத் தகவலுக்கு இடம் உண்டு, எதற்கு இல்லை, இடம் கொடுத்ததற்கு என்ன பெயர் என்பதையெல்லாம் நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்பு முடிவு செய்வோம். அந்த நாலு பேரும் வேறு வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் அது மழை, வெயில் மாதிரி தானாக வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மிடியும் அப்படிச் சிலர் கூடி முடிவு செய்த மொழிதான். அதன் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இன்று உலகத்தில் வெளியாகும் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்டத்தில் அந்த மொழிக்குள் புகுந்துதான் வெளியே வருகின்றன. அந்தச் சொற்கள் இசையில் எதைப் பார்த்தன, எதற்குப் பெயர் வைக்காமல் விட்டன என்பதுதான் என் கேள்வி. கமகத்தைக் கேட்டுப் பழகிய காது உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் சொந்த விஷயமும்கூட.

சர்வரின் குரல்

1970களின் இறுதியில் ஒவ்வொரு சிந்தசைசர் கம்பெனியும் தனக்கென்று ஒரு இணைப்பு முறை வைத்திருந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டை வாசித்து இன்னொரு கம்பெனியின் பெட்டியை ஒலிக்க வைப்பது பெரும்பாடு. 1981இல் அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும் செட் வுட்டும் எல்லாருக்கும் பொதுவான ஒரு இணைப்பு முறையை முன்மொழிந்து கட்டுரை வாசித்தார்கள். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி அதே எண்ணத்தில் இருந்தார். யமஹா, கோர்க், கவாய் நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 என்ற இரண்டு கருவிகளை ஒரே கேபிளால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றது ஒலித்தது. அதே ஆண்டு மிடி 1.0 ஆவணம் வெளியானது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். 2013இல் ஸ்மித், ககேஹாஷி இருவருக்கும் இதற்காக டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் முதல் விஷயம், அந்தக் கேபிளில் ஒலி போவதில்லை என்பது. ஹோட்டலில் சர்வர் சமையலறையைப் பார்த்து "ரெண்டு நெய் ரோஸ்ட்" என்று குரல் கொடுக்கிறார் இல்லையா, அதுதான் மிடி. அந்தக் குரலில் தோசையும் இல்லை, நெய்யும் இல்லை. அதே குரலை வேறு ஹோட்டலில் கொடுத்தால் வேறு தோசை வரும். மிடிக் கோப்பு ஒன்றை உங்கள் மடிக்கணினியில் கேட்டால் ஒரு மாதிரியும் நண்பரின் ஸ்டுடியோவில் கேட்டால் இன்னொரு மாதிரியும் இருப்பதற்கு இதுவே காரணம்.

சரி, அந்தக் குரல் என்னதான் சொல்கிறது? கீபோர்டின் நடுவில் இருக்கும் சி கட்டையைக் கொஞ்சம் பலமாக அழுத்தினால் மூன்று எண்கள் போகின்றன: 144, 60, 100. முதல் எண், 'முதலாவது சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது' என்கிற செய்தி. இரண்டாவது, எந்தக் கட்டை. மூன்றாவது, எவ்வளவு வேகமாக. விரலை எடுத்தால் இன்னொரு செய்தி போகும்: அந்தக் கட்டை விடப்பட்டது. நோட் ஆன், நோட் ஆஃப். மொழியின் முதுகெலும்பு இவ்வளவுதான்.

இதில் 60 என்பது கட்டையின் எண். சுருதியின் எண் இல்லை. 60 வந்தால் என்ன ஒலிக்க வேண்டும் என்பது எதிர்முனையில் இருக்கும் கருவியின் பொறுப்பு. இதைக் கேட்டுத் தமிழ் வாசகர்கள் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று பாடகர்களிடம் கேட்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டை. ஒரு கட்டை என்றால் சி, ரெண்டு கட்டை என்றால் டி, அஞ்சு கட்டை என்றால் ஜி. வாழ்நாளில் ஆர்மோனியத்தைத் தொடாதவர்கூடத் தன் குரலின் இடத்தை ஆர்மோனியத்தின் மரத்துண்டால்தான் சொல்கிறார். கீபோர்டின் சொல் நம் தொண்டைக்குள் புகுந்தது மிடி வருவதற்கு ரொம்ப நாள் முன்பே.

மூன்றாவது எண்ணின் பெயர் வெலாசிட்டி. பல சொற்பட்டியல்கள் இதற்கு எதிரே 'ஒலியின் அளவு' என்று எழுதிவிடுகின்றன. அது தவறு, அதுவும் சுவாரஸ்யத்தைக் கெடுக்கிற தவறு. பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதல் புள்ளியைத் தொட்டதற்கும் இரண்டாவதைத் தொட்டதற்கும் இடையே ஆன நேரத்தைக் கருவி அளக்கிறது. அந்த நேரத்திலிருந்து கிடைப்பதுதான் அந்த எண். ஆக, அது நிஜமாகவே வேகம். விரலின் வேகம். அந்த வேகத்தை வைத்து ஒலியைக் கூட்டலாம், ஒலியின் கூர்மையை ஏற்றலாம், ஒன்றுமே செய்யாமலும் விடலாம். எல்லாம் எதிர்முனையின் விருப்பம்.

இந்த ஒரு சொல்லைக் கவனித்தாலே ஆவணத்தின் மனம் புரிந்துவிடுகிறது. மிடி இசையைப் பதிவு செய்வதாகச் சொல்லிக்கொள்ளவே இல்லை. அது கையைப் பதிவு செய்கிறது. எந்த விரல் எங்கே, எப்போது, எவ்வளவு வேகத்தில் இறங்கியது, எப்போது எழுந்தது. அந்த அளவில் அது மிக நேர்மையான மொழி.

'பிறகு' என்றொரு சொல்

ஆனால் அது யாருடைய கை? பியானோக்காரரின் கை. பியானோவில் கட்டையை அழுத்திய கணத்தில் சுத்தியல் தந்தியை அடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு விரலை அங்கேயே வைத்துக்கொண்டு எவ்வளவு உருகினாலும் அந்த ஒலியின் சுருதியை மாற்ற முடியாது. செய்வதற்கு மிச்சம் இருப்பது விடுவது மட்டும். எனவே அழுத்தல், விடுதல் என்ற இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் அந்தக் கையின் கதை ஏறத்தாழ முடிந்தது.

வீணையில், நாதஸ்வரத்தில், தொண்டையில் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மிடியை எழுதியவர்கள் இது தெரியாதவர்கள் இல்லை. நடுவில் நடப்பதற்கும் அவர்கள் சில சொற்கள் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொற்களைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். கட்டையை அழுத்திய பின் இன்னும் அமுக்கினால் அதற்குப் பெயர் ஆஃப்டர்டச். அதாவது, தொட்டதற்குப் 'பிறகு'. முக்கியமான காரியம் முடிந்துவிட்டது, இது வால் என்கிறது அந்தப் பெயர். சுருதியை நகர்த்துவதற்குப் பெயர் பிட்ச் பெண்ட். அதாவது வளைத்தல். வளைப்பதற்கு முன்னால் நேராக ஒன்று இருந்தாக வேண்டும். நேரானது இயல்பு, வளைந்தது விலகல்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ-வை 0 என்று வைத்து அரைச்சுரங்களாக எண்ணினால் தோடியின் ரி 1, க 3, ம 5. ஆனால் தோடி பாடுகிற யாரும் 3 என்ற இடத்தில் போய் நின்று அதை வளைப்பதில்லை. ரி-க்கும் ம-வுக்கும் இடையே நடக்கும் ஓர் அசைவுதான் அங்கே காந்தாரம். அசைவின் அளவும் வேகமும் பாணிக்குப் பாணி மாறும். அசைவை எடுத்துவிட்டு 3-ஐ மட்டும் அழுத்திப் பாருங்கள், தோடி எழுந்து போய்விடும். அங்கே வளைக்கப்படுகிற நேர்கோடு என்று ஒன்று கிடையவே கிடையாது.

'மிடியில் கமகம் வராது' என்று சொல்லித் தூக்கிப் போடுவது சுலபம். நம் ஆட்கள் நிறையப் பேர் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது உண்மை இல்லை. பிட்ச் பெண்ட் செய்தியில் 16,384 படிகள் உண்டு. நடுப்படி 8192, அதாவது நேர். பெரும்பாலான கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்று அமைத்துத்தான் வருகின்றன. 3-இலிருந்து கீழே இரண்டு போனால் 1, அதாவது ரி. மேலே இரண்டு போனால் 5, அதாவது ம. தோடியின் காந்தாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது! பழைய மிடிக் கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பெண்ட் செய்தி போக ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். ஒற்றைக் குரலின் கமகத்துக்கு அது தாராளம். கே. சத்யநாராயணன் பிட்ச் பெண்டைக் கொண்டு கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார். கேட்டவர்களுக்குத் தெரியும்.

சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுமைக்கும் பொது. வீணையில் ஒரு தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் தாளத் தந்திகள் அசைவதில்லை. மிடியில் ஸ-வையும் ப-வையும் அதே சேனலில் சுருதியாகப் பிடித்துக்கொண்டு தோடியின் க-வை ஆட்டினால் சுருதியும் சேர்ந்து ஆடும். குடித்தனக்காரர் ஒருவர் ஊஞ்சல் ஆடினால் மொத்தக் காம்பவுண்டும் ஆடுகிற கதை. தனிச் சேனல் கொடுத்துத் தப்பிக்கலாம். மொத்தம் பதினாறு சேனல்கள்தான்.

இரண்டாவது சிக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் காந்தாரத்தை நீங்கள் அற்புதமாக வாசித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கோப்பைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? ஒரு நோட் ஆன். அதன் பின்னால் சில நூறு எண்கள்: 8192, 8350, 8720 என்று ஏறியும் இறங்கியும். கடைசியில் ஒரு நோட் ஆஃப். இந்த எண்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பொருள், அதன் பெயர் கம்பிதம் என்று சொல்ல அந்த மொழியில் ஒரு வழியும் இல்லை. ஒரு கோப்பில் 'கமகங்களை மட்டும் காட்டு' என்று தேட முடியாது. அதே அசைவைக் கொஞ்சம் மெதுவாக்கு, அல்லது ம-வைத் தொடாமல் நிறுத்து என்று கேட்க முடியாது. எண்களாகத்தான் இழுத்து ஒட்ட வேண்டும். மிடி கமகத்தைச் சுமக்கும். என்ன சுமக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

எட்டயபுரத்து ஆவணம்

கையை எழுதிவைக்கும் மொழி ஒன்றும் 1983இல் பிறந்த புதுமை இல்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை எடுக்கும் இடத்தில் எட்டு இசைக்கரணங்கள் பேசப்படுகின்றன. வடித்தல், உருட்டல், அள்ளல் என்பவை அவற்றில் சில. இவை சுரங்களின் பெயர்கள் இல்லை. நரம்பின் மேல் விரல் செய்யும் தொழில்களின் பெயர்கள். எந்த விரல் என்ன செய்கிறது என்று உரைகள் விளக்கம் சொல்கின்றன. மிடியின் நோக்கமும் அதேதான். ஒரு வித்தியாசம்: அந்த எட்டுச் சொற்களும் நரம்பைத் தொட்ட விரல் அங்கே என்ன செய்கிறது என்பதில் கண் வைத்தவை.

இதைவிட நேரடியான ஒப்பீடு ஒன்று உண்டு. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சாகி வெளிவந்தது. நூல் தெலுங்கில். சுர எழுத்துகளுக்கு மேல் கமகங்களைக் காட்டத் தனிக் குறிகளை வகுத்து, அவற்றை அச்சிலும் ஏற்றினார். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஒதுக்கல், ஒரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. ஒதுக்கல் என்றால் வீணையின் மெட்டில் தந்தியை ஒதுக்கி இழுப்பது. இதுவும் கையின் மொழிதான்.

ஒரு பொறியாளனாக இந்த இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். எட்டயபுரத்து ஆவணத்தில் நடுப்பகுதிக்குப் பெயர் இருக்கிறது, அளவு இல்லை. எவ்வளவு தூரம், எத்தனை முறை என்பதை வாசிப்பவரின் பயிற்சிக்கு விட்டுவிடுகிறது. மிடியில் நடுப்பகுதிக்கு அளவு இருக்கிறது, பெயர் இல்லை. 16,384 படிகளில் துல்லியமாகச் சொல்லும், ஆனால் எதைச் சொல்கிறோம் என்று சொல்லாது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். நாம் வழக்கமாகப் பாட்டுப் புத்தகத்தில் எழுதும் சுரக்குறிப்பும் மிடி மாதிரிதான். தோடியாக இருந்தாலும் வெறும் 'க' என்றுதான் அதில் இருக்கும். ஆனால் அந்தக் 'க'-வை வாங்கிக்கொள்ளும் மாணவரின் எதிரே ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். எழுத்து விட்டதை அவர் தொண்டை நிரப்பிவிடும். மிடியின் எதிர்முனையில் உட்கார்ந்திருப்பது ஒரு சிந்தசைசர். எழுத்து விட்டதை அது எப்படி நிரப்பும்?

பெட்டியின் உள்ளே

சிந்தசைசரின் சொற்கள் இங்கேதான் வருகின்றன. அவை மிடியைவிட மூத்தவை, 1960களைச் சேர்ந்தவை. நியூயார்க் மாநிலத்தில் பாப் மோக், கலிஃபோர்னியாவில் டான் புக்லா, இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியாக மின்னிசைப் பெட்டிகளைச் செய்தார்கள். மோக்கின் பெட்டியோடு கீபோர்டு ஒட்டிக்கொண்டது. புக்லா பியானோக் கட்டைகளைத் தவிர்த்துத் தொடுதகடுகளை வைத்தார். கட்டை இருந்தால் கை பழைய பாட்டையே வாசிக்கும் என்பது அவர் கவலை. சந்தையில் ஜெயித்தது கீபோர்டு. இருபது ஆண்டு கழித்து வந்த மிடி, ஜெயித்தவரின் கையை எழுதிக்கொண்டது.

பெட்டிக்குள் ஒலி பிறக்கும் கதை எளிமையானது. ஆசிலேட்டர் ஒரு அதிர்வைத் தொடர்ந்து தரும், நிற்காமல், அலாரம் மாதிரி. ஃபில்டர் அதிலிருந்து சில அதிர்வெண்களை வடிகட்டி ஒலியின் நிறத்தை மாற்றும். என்வெலப் அந்த ஒலிக்குப் பிறப்பும் வளர்ப்பும் மரணமும் கொடுக்கும்.

என்வெலப் என்பதைத் தமிழில் 'உறை' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். தபால்தலை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. வழக்கமான என்வெலப்புக்கு நான்கு பகுதிகள்: அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ். ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். மூன்றுதான் சகோதரர்கள். அட்டாக் என்றால் ஒலி உச்சிக்கு ஏற எடுக்கும் நேரம். டிகே என்றால் உச்சியிலிருந்து இறங்க எடுக்கும் நேரம். ரிலீஸ் என்றால் கட்டையை விட்ட பிறகு அடங்க எடுக்கும் நேரம். சஸ்டெய்ன் மட்டும் நேரம் இல்லை, ஒரு மட்டம். கட்டையைப் பிடித்திருக்கும் வரை ஒலி எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது. அது எவ்வளவு நேரம் என்று பெட்டிக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நோட் ஆனுக்கும் நோட் ஆஃபுக்கும் நடுவே இருக்கும் காலத்துக்குப் பெட்டி வைத்திருக்கும் பெயர் சஸ்டெய்ன், அதாவது தாங்கி நிற்றல். அந்த நேரத்தில் நடப்பது ஒன்றும் இல்லை, ஒரு கிடைக்கோடு. கோடு ரொம்ப வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றினால் எல்.எஃப்.ஓ.வைக் கொண்டுவரலாம். அது காதுக்குச் சுருதியாகக் கேட்காத அளவுக்கு மெதுவாக அதிரும் ஓர் ஆசிலேட்டர். அதைச் சுருதியோடு இணைத்தால் ஒலி நடுங்கும். கமகம் வேண்டும் என்று கேட்கிற புதியவர்களுக்கு இதைத்தான் கை காட்டுகிறார்கள். எல்.எஃப்.ஓ.வுக்கு எந்தச் சுரம் வந்திருக்கிறது என்று தெரியாது. க வந்தாலும் ப வந்தாலும் அதே வேகத்தில், அதே அளவில், நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் சமமாக ஆட்டும். தோடியில் அசையாமல் நிற்க வேண்டிய பஞ்சமத்தையும் சேர்த்து ஆட்டிவிடும். சாமி வந்தவருக்கும் குளிர் ஜுரம் வந்தவருக்கும் உடம்பு நடுங்கத்தான் செய்கிறது. இரண்டையும் ஒன்று என்று சொல்வோமா?

105 முதல் 112 வரை

1991இல் ஜெனரல் மிடி என்று ஒரு துணை ஒப்பந்தம் வந்தது. எந்த எண்ணைச் சொன்னால் எந்த வாத்தியம் ஒலிக்க வேண்டும் என்ற பட்டியல். மொத்தம் 128 இடங்கள், எட்டு எட்டாகப் பதினாறு குடும்பங்கள். 1 முதல் 8 வரை பியானோ வகைகள். வயலின் 41. புல்லாங்குழல் 74. 121-இலிருந்து கடைசி வரை ஒலி விளைவுகள்: பறவைக் கீச்சு, தொலைபேசி மணி, ஹெலிகாப்டர், கைதட்டல், கடைசியாகத் துப்பாக்கிச் சூடு.

105 முதல் 112 வரை உள்ள குடும்பத்தின் பெயர் எத்னிக். சிதார், பாஞ்சோ, ஷாமிசென், கோட்டோ, கலிம்பா, பேக்பைப், ஃபிடில், ஷெனாய். அமெரிக்காவின் பாஞ்சோவும் ஸ்காட்லாந்தின் பேக்பைப்பும் ஜப்பானின் கோட்டோவும் வட இந்தியாவின் ஷெனாயும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இவற்றுக்குள் என்ன உறவு? பட்டியல் போட்டவர்களின் வரவேற்பறையில் இடம் கிடைக்கவில்லை என்ற ஒரே உறவு. தாளத்துக்குப் பத்தாவது சேனல், அதில் 47 ஒலிகள். காங்கா உண்டு, குய்கா உண்டு, விசில்கூட இரண்டு வகை உண்டு. தபலா இல்லை, மிருதங்கம் இல்லை, தவில் இல்லை.

'எங்கள் வாத்தியம் இல்லை' என்று மனு எழுதுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. வீணைக்கு ஓர் எண் கொடுத்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. 105-ஐ அழுத்தினால் சிதாரின் தந்தியொலி வரத்தான் செய்கிறது, மீண்டு வரவில்லையே. ஒலியைக் கொண்டுவந்து கட்டைக்கு அடியில் கட்டிவிட்டால் வாத்தியம் வந்துவிட்டது என்று நம்பியதுதான் அந்தப் பட்டியலின் உண்மையான விமர்சனப் புள்ளி. அந்த நம்பிக்கையில்தான் இன்றும் 'இந்திய வாத்தியங்கள்' என்ற பெயரில் ஒலித்தொகுப்புகள் விற்கப்படுகின்றன.

மிடி என்றால்

தமிழில் மிடி என்ற சொல்லுக்கு வறுமை என்று பொருள். ஒலிப்பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் விட மனமில்லை. இந்த மொழி ஏழை மொழி. அது தெரிந்தேதான் அதை ஏழையாகச் செய்தார்கள். ஏன் வெலாசிட்டி 127-இல் நிற்கிறது? எட்டு பிட்டில் முதல் பிட்டை 'இது கட்டளையா, அளவா' என்று சொல்ல ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் ஏழு. ஏன் 31,250? அன்றைய மலிவான சில்லுகள் ஓடிய 1 மெகாஹெர்ட்ஸை 32-ஆல் வகுத்தால் அந்த எண் சுலபமாகக் கிடைக்கும். எல்லாக் கம்பெனிகளும் சேர வேண்டுமென்றால் செலவு குறைவாக இருந்தாக வேண்டும்.

ஜேரன் லேனியர் 2010இல் வெளியான 'யூ ஆர் நாட் எ கேட்ஜெட்' நூலில் மிடியைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார். கட்டையை அழுத்துகிறவரின் பார்வையில் செய்த ஒரு எளிய ஏற்பாடு, எல்லாரும் அதன் மேல் வீடு கட்டிவிட்டதால் மாற்றவே முடியாததாக உறைந்துவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். உறைந்தது உண்மை. ஆனால் அந்த வறுமை எத்தனை பேருக்குக் கதவைத் திறந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 1983இல் செய்த கருவியை இன்றைய கணினியோடு இணைக்க முடிகிறது. என் தொழிலில் ஐந்து வருடத்துக்கு முந்தைய நிரலையே ஓட வைக்க முடியாமல் திண்டாடுகிறோம். பணக்கார ஆவணம் ஒன்று 1983இல் வந்திருந்தால் அது இரண்டு கம்பெனிகளோடு செத்திருக்கும். அதனால் லேனியரின் கோபத்தைப் பாதி மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எதைச் சுமக்க முடியாது என்பதைவிட, எதற்குப் பெயர் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை.

சுமக்கிற பிரச்சினை மெல்லத் தீர்ந்துகொண்டும் வருகிறது. லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய கன்டினுவம் என்ற கருவியில் கட்டைகளே இல்லை. வழுக்கிச் செல்லும் ஒரு பரப்பு மட்டும். 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் ஏ.ஆர். ரஹ்மான் அதை வாசித்திருக்கிறார். 2018இல் எம்.பி.இ. என்ற ஏற்பாடு ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தனிச் சேனலைக் கொடுத்தது. காம்பவுண்டு ஆடாமல் ஒரு வீடு மட்டும் ஊஞ்சல் ஆடலாம். 2020இல் மிடி 2.0 வந்தது. வெலாசிட்டிக்கு 65,536 படிகள், ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனி பெண்ட். அளவு கூடிவிட்டது. பெயர்கள் மட்டும் அப்படியே: நோட், பெண்ட், கட்டுப்பாடு.

பெயர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இன்று இசையை இயந்திரங்கள் கற்றுக்கொள்கின்றன. அவற்றில் ஒரு வகை மிடியைத் தின்றுதான் கற்கிறது. ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் மேஸ்ட்ரோ என்ற தரவுத்தொகுப்பு ஏறத்தாழ 200 மணி நேரப் பியானோ வாசிப்பின் பதிவு. அதில் குறையே சொல்ல முடியாது, ஏனென்றால் பியானோ இந்த மொழியில் மிச்சமில்லாமல் அடங்கிவிடுகிறது. நம் இசை இதே வாசல் வழியாக உள்ளே போனால் தோடியின் காந்தாரம் 'எண் 63, கொஞ்சம் இரைச்சலோடு' என்றுதான் போகும். இரைச்சலைச் சுத்தம் செய்வது தரவு வேலை செய்கிறவர்களின் முதல் கடமை. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், கடமை உணர்ச்சியோடு, தோடியைச் சுத்தம் செய்துவிடுவார்கள்.

மிடி 2.0இல் ப்ரொஃபைல் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு வகைக் கருவிக்கு எந்தச் செய்திக்கு என்ன பொருள் என்று ஒரு கூட்டம் ஒப்புக்கொண்டு எழுதிவைக்கும் ஏற்பாடு. டிராபார் ஆர்கனுக்கு அப்படி ஒன்று எழுதியிருக்கிறார்கள். கமகத்துக்கு ஏன் ஒன்று எழுதக் கூடாது? கம்பிதம் என்று ஒரு செய்தி, எந்தச் சுரத்திலிருந்து எதுவரை, எத்தனை அசைவு என்று அதற்குச் சில அளவுகள். எட்டயபுரத்தின் பெயரும் மிடியின் அளவும் ஒரே வரியில். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது பெரிய வேலை இல்லை. தோடி தெரிந்த இருவரும் நிரல் தெரிந்த இருவரும் உட்கார்ந்து சண்டை போட்டு முடிக்க வேண்டிய வேலை. சண்டை பெரிதாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் இசை மென்பொருளில் பிட்ச் பெண்டுக்கு என்று கீழே ஒரு பட்டை இருக்கும், பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. அதைத் திறந்து, நன்றாகப் பாடிய ஒரு தோடியைக் கேட்டுக்கொண்டே, ஒரு காந்தாரத்தின் கோட்டை மட்டும் வரைந்து பாருங்கள். எனக்கு முதல் கோடு வர ஒரு மாலை முழுக்க ஆனது. வந்த பிறகு அதற்கு 'பெண்ட் 1' என்று பெயர் வைக்காமல் 'தோடி க, கம்பிதம், ரி முதல் ம வரை' என்று எழுதிச் சேமியுங்கள். என் கணினியில் அப்படி இப்போது பதினோரு கோடுகள் இருக்கின்றன. சஹானாவின் ரிஷபத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.